டை ஹார்டுக்கு இரண்டு நட்சத்திரம்

'டை ஹார்ட்' படத்துக்கு நான்குக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம்? ஹாஸ்டலில் எந்த அறைக் கதவைத் தட்டிக் கேட்டாலும் நாலு என்பார்கள். கொஞ்சம் கறாரான ஆசாமி என்றால் மூன்றரை. 1988 ஜூலையில் படம் வெளியானபோது 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் போட்டது இரண்டே இரண்டு.

காரணம், கட்டடத்துக்கு வெளியே நிற்கும் ஒரு போலீஸ் அதிகாரி. உள்ளே புரூஸ் வில்லிஸ் வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறார். கீழே நிற்கும் இந்த அதிகாரியோ அவர் சொல்லும் எதையும் நம்புவதில்லை, செய்வதெல்லாம் கோணல். கதையை இழுப்பதற்காகவே ஒரு முட்டாளை உள்ளே விட்டிருக்கிறார்கள், அந்த ஆள் வந்து வந்து படத்தைக் கெடுக்கிறார் என்பது ஈபர்ட்டின் புகார். புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அதிகாரி நிஜமாகவே எரிச்சலைக் கிளப்புகிறவர்தான். அதற்காகப் பாதி மார்க்கைப் பிடுங்குவதா? இதைவிட வேடிக்கை, 1990-ல் வந்த 'டை ஹார்ட் 2'-க்கு இதே மனிதர் மூன்றரை கொடுத்தார்!

இப்படி ஈபர்ட் 'தப்பாக'ச் சொன்ன படங்களைத் தொகுத்தால் பட்டியல் நீளமாகவே போகும். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' இரண்டு. 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' ஒன்றரை. (இரண்டு தடவை பார்த்தும் முழுசாகப் புரியவில்லை, புரிந்த வரைக்கும் அக்கறை வரவில்லை என்று சொல்லிவிட்டார்.) 'ஃபைட் கிளப்' இரண்டு. 'கிளாடியேட்டர்' இரண்டு. நாலு சினிமாப் பைத்தியங்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்தப் பட்டியலை எடுத்துவிட்டால் போதும், டீ ஆறும்வரை சண்டைக்குப் பஞ்சமிருக்காது. 'இந்த ஆளுக்கா புலிட்சர் கொடுத்தார்கள்?' என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

கொடுத்தார்கள், 1975-ல். சினிமா விமர்சனத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1942-ல் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா என்ற ஊரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் மேற்படிப்புக்கு வந்து, பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்து, 1967 ஏப்ரலில் 24 வயதில் சினிமா விமர்சகர் நாற்காலியில் உட்கார்த்தப்பட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. 2013 ஏப்ரலில் இறக்கும்வரை 46 வருடம், ஒரே பத்திரிகை.

அமெரிக்காவில் பேப்பர் படிக்காதவர்களுக்கும் அவர் முகம் தெரிந்திருந்ததற்குக் காரணம் டிவி. போட்டிப் பத்திரிகையான 'சிகாகோ டிரிப்யூன்' விமர்சகர் ஜீன் சிஸ்கெலோடு சேர்ந்து 1975-ல் உள்ளூர் டிவியில் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார். ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அந்த வாரப் படங்களைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி நாடு முழுக்கப் போய், பெயரும் சேனலும் மாறி, கடைசியில் கட்டை விரலை மேலே தூக்குவதும் கீழே கவிழ்ப்பதும் அவர்களுடைய முத்திரை ஆகிவிட்டது. இரண்டு விரலும் மேலே போனால் பட விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கட்டை விரல் அவருக்குப் பெயரும் கொடுத்தது, கெட்ட பெயரும் கொடுத்தது. 1987-ல் ஒரே வாரத்து நிகழ்ச்சியில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'. இன்னொன்று 'பெஞ்சி தி ஹண்டட்', காட்டில் தொலைந்துபோன ஒரு நாய்க்குட்டியின் கதை. ஈபர்ட்டின் விரல் நாய்க்கு மேலே போனது, குப்ரிக்குக்குக் கீழே போனது. சிஸ்கெல் விடுவாரா? குப்ரிக்கை விட நாய் ஒசத்தியா என்று அதே மேடையில் வாரினார். ஈபர்ட்டுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒவ்வொரு படத்தையும் அது என்ன செய்ய வந்ததோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் பதில்.

இதை ஏதோ மாட்டிக்கொண்டதற்காகச் சொன்ன சமாளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கடைசிவரை இதுதான் அவருடைய அளவுகோல். 2004-ல் 'ஷாவோலின் சாக்கர்' விமர்சனத்தில் விளக்கமாகவே எழுதினார். ஒரு சூப்பர் ஹீரோ படம் எப்படி இருக்கிறது என்று நண்பனிடம் கேட்கும்போது, 'மிஸ்டிக் ரிவர்' மாதிரியான ஒரு கனமான படத்தோடு ஒப்பிட்டா கேட்கிறோம்? இன்னொரு சூப்பர் ஹீரோ படத்தோடு ஒப்பிட்டுத்தானே கேட்கிறோம்? அப்படியானால் நட்சத்திரமும் அந்த வகைக்குள்தான் செல்லும். இதைப் புரிந்துகொண்டால் 'டை ஹார்ட்' விஷயத்தில் அவரை மன்னிக்க முடியாவிட்டாலும், நாய்க்குட்டி விஷயத்தில் மன்னித்துவிடலாம். ஆனால் அளவுகோல் இவ்வளவு நெகிழ்வாக இருந்தால் பிறகு எதற்கு அளவுகோல் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. நட்சத்திரம் போடுவதே அபத்தம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் 46 வருடம் போட்டுக்கொண்டிருந்தார்.

நட்சத்திரத்தை விடுங்கள். அதற்குக் கீழே இருக்கும் பத்திகளில்தான் விஷயம் இருக்கிறது.

1967 செப்டம்பர். விமர்சகராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 'போனி அண்ட் கிளைட்' வருகிறது. வங்கிக் கொள்ளையர்கள் இருவரின் கதை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது ரத்தம் தெறிக்கும், ரத்தம் காயும் முன்னால் மறுபடி சிரிப்பு. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் பழுத்த விமர்சகர் பாஸ்லி குரௌத்தருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. ஒரு தடவை திட்டியது போதாமல் திரும்பத் திரும்பத் திட்டினார். 'நியூஸ்வீக்' விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்டெர்ன் முதலில் திட்டிவிட்டு, மனைவியோடு தியேட்டருக்குப் போய் இரண்டாம் முறை பார்த்துவிட்டு, அடுத்த வார இதழிலேயே தான் எழுதியது தப்பு என்று எழுதினார். அந்த நேர்மைக்காகவே இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். குரௌத்தர் அடுத்த வருடம் அந்த வேலையில் இல்லை. சிகாகோவில் இருந்த பொடியனோ, இது அமெரிக்க சினிமாவில் ஒரு மைல்கல், பின்னாளில் 1960-களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் படத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள் என்கிற அளவுக்கு எழுதி நாலு நட்சத்திரம் போட்டான். அது அப்படியே பலித்தது.

பலித்ததால் அந்த விமர்சனம் பெரிதாகிவிடவில்லை. அதே வருடம் அதே பொடியன் நாலு நட்சத்திரம் போட்ட இன்னொரு படம் 'தி கிராஜுவேட்'. கல்லூரி முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருக்கும் பெஞ்சமின், அவனை வளைத்துப் போடும் அப்பாவின் சிநேகிதருடைய மனைவி மிஸஸ் ராபின்சன், பிறகு அவள் மகளோடு அவனுக்கு வரும் காதல். 1967-ல் இளைஞர்கள் எல்லாரும் பெஞ்சமின் பக்கம். 25 வயது ஈபர்ட்டும் பெஞ்சமின் பக்கம். அந்த வருடத்தின் மிகச் சிரிப்பான அமெரிக்கப் படம் அது என்று எழுதினார்.

முப்பது வருடம் கழித்து, 1997-ல், அதே படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. இப்போது விமர்சகருக்கு 55 வயது ஆகப்போகிறது. ஒரு நட்சத்திரம் குறைந்து மூன்று ஆகிவிட்டது. பெஞ்சமின் அவருக்கு ஒரு சுயநல அறுவையாகத் தெரிகிறான். படத்திலேயே புத்தியும் ரசனையும் உள்ள ஒரே ஆள் மிஸஸ் ராபின்சன்தான் என்று அவள் பக்கம் போய் நின்றுகொள்கிறார். இதில் எந்த விமர்சனம் சரி? 25 வயதில் இருப்பவர் 55 வயதுக்காரரின் கண்ணை இரவல் வாங்கி எழுத முடியுமா? வாங்கி எழுதியிருந்தால் 1967-ல் அந்தத் தியேட்டரில் எழுந்த சிரிப்பு பதிவாகாமலே போயிருக்கும்.

இந்தச் சமாசாரம் அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. ஃபெலினியின் 'லா டோல்சே விட்டா' பற்றிய கட்டுரையில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ரோம் நகரத்தில் இரவெல்லாம் சுற்றும் மார்செலோ என்ற பத்திரிகைக்காரனின் கதை அது. சின்னப் பையனாக முதலில் பார்த்தபோது அந்த வாழ்க்கை மாதிரி ஒன்று கிடைக்காதா என்று ஏக்கம். 1970 வாக்கில் பார்த்தபோது, சிகாகோ மதுக்கூடங்களில் கிட்டத்தட்ட அதே வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தார். 1980 வாக்கில் பார்த்தபோது குடியை விட்டிருந்தார் (விட்டது 1979-ல்). இப்போது மார்செலோ வழிகாட்டியாகத் தெரியவில்லை, மாட்டிக்கொண்டவனாகத் தெரிந்தான். 1990-களில் மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது அவன் மேல் பரிதாபமும் பாசமும் வந்துவிட்டது. அந்தக் கதாபாத்திரத்துக்கு வயதே ஆகவில்லை, இவருக்குத்தான் ஆகிக்கொண்டே இருந்தது. உலகத்தின் பத்துச் சிறந்த படங்கள் என்று ஒவ்வொரு தடவை பட்டியல் கேட்கும்போதும் ஈபர்ட் இந்தப் படத்தைச் சேர்த்தார். படம் நல்ல படம் என்பது ஒரு காரணம். தன்னையே அளந்து பார்த்துக்கொள்ள அது ஒரு கதவு நிலை மாதிரி இருந்தது என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். வீட்டில் பிள்ளைகளை நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போடுவோமே, அது போல.

மாற்றிக்கொண்ட படங்கள் இன்னும் உண்டு. 'கிரவுண்ட்ஹாக் டே' 1993-ல் வந்தபோது மூன்று நட்சத்திரம். 2005-ல் 'மகத்தான படங்கள்' வரிசையில் அதைச் சேர்த்து, அன்றைக்குக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். (ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை. அதைத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொண்டது பொருத்தம்தான்.) 'பிளேடு ரன்னர்', 'அன்ஃபர்கிவன்' இரண்டும் இதே மாதிரி பின்வாசல் வழியாக உள்ளே வந்தவை.

இதில் ரொம்ப விசித்திரமானது 'தி காட்ஃபாதர் பார்ட் 2'. 1974-ல் மூன்று நட்சத்திரம். அப்பாவின் இளமைக் கதையும் மகனின் கதையும் மாறி மாறி வருவது இரண்டு கதைகளின் வேகத்தையும் கெடுக்கிறது என்றார். 2008-ல் அதையும் மகத்தான படங்கள் வரிசையில் ஏற்றினார். அப்போது மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. பழைய விமர்சனத்தில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தயாரில்லை என்றார். குறை குறைதான், ஆனாலும் முதல் பாகத்தோடு சேர்த்து ஒன்றாகப் பார்க்க வேண்டிய பெரிய படம் என்று நட்சத்திரத்தை மட்டும் கூட்டினார். மார்க் மாறும், குறிப்பு மாறாது! பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

சில சமயம் படமே மாறிவிடும். 2003 கான் திரைப்பட விழாவில் வின்சென்ட் கேலோவின் 'தி பிரவுன் பன்னி'யைப் பார்த்துவிட்டு, கான் சரித்திரத்திலேயே இவ்வளவு மோசமான படம் வந்ததில்லை என்றார் ஈபர்ட். கேலோ பதிலுக்கு அவரைக் கொழுத்த பன்றி என்று திட்டி, குடலில் புற்றுநோய் வரட்டும் என்று சாபமும் விட்டார். ஈபர்ட் சர்ச்சில் பாணியில் ஒரு பதில் சொன்னார்: நான் என்றைக்காவது இளைத்துவிடுவேன், நீ என்றைக்கும் அந்தப் படத்தை எடுத்தவன்தான் என்பது அதன் சாரம். கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் வாய்ச் சண்டை. கேலோ படத்திலிருந்து 26 நிமிடத்தை வெட்டினார். 2004-ல் வெட்டிய படத்தை ஈபர்ட் போய்ப் பார்த்தார், மூன்று நட்சத்திரம் கொடுத்தார். எந்த இடத்தில் எதை எடுத்ததால் படம் மூச்சுவிட ஆரம்பித்தது என்று எழுதினார். திட்டியவனின் படத்தை மறுபடி டிக்கெட் வாங்காத குறையாக உட்கார்ந்து பார்ப்பதற்கு மனசு வேண்டும். சாபம் விட்ட ஆளோடு சமாதானமும் ஆகிவிட்டது.

மாற்றிக்கொள்ளாததும் உண்டு. அங்கேதான் சிக்கல்.

1986-ல் டேவிட் லிஞ்சின் 'புளூ வெல்வெட்'. ஊரே கொண்டாடியது. சிஸ்கெலின் விரல் மேலே. ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரம். படத்தில் இசபெல்லா ரோசெல்லினி ஒரு விடுதிப் பாடகி. ஒரு கொடூரனிடம் சிக்கி அடிபடுகிறாள், அவமானப்படுகிறாள். ஒரு காட்சியில் உடம்பில் துணியில்லாமல், காயத்தோடு, அக்கம்பக்கத்தார் பார்க்க ஒரு வீட்டு வாசல் புல்வெளியில் வந்து நிற்கிறாள். ஈபர்ட்டுக்கு அந்தக் காட்சி தாங்கவில்லை. காட்சி பொய்யாக இருந்ததால் இல்லை, ரொம்ப நிஜமாக இருந்ததால். ஒரு நடிகையிடம் இவ்வளவு வலியைக் கேட்டு வாங்குகிற இயக்குனர், பதிலுக்கு அந்த வலிக்கு ஈடான ஒரு படத்தைக் கொடுக்க வேண்டாமா? அதைச் சுற்றிச் சிற்றூர்க் கேலியும் கிண்டலுமாக வைத்து, நானும் விளையாட்டுக்குத்தான் எடுத்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாமா? இதுதான் அவர் கேட்டது.

நல்ல கேள்வி. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரோசெல்லினியிடம் யார் கேட்டார்கள்? பல வருடம் கழித்து அவரே இதைப் பற்றிப் பேசியபோது, அந்த விமர்சனம் தனக்கு ஆச்சரியமாக இருந்தது என்றார். அவர் அப்போது முப்பது தாண்டிய பெண். தெரிந்து, யோசித்து, தானே ஒப்புக்கொண்ட வேடம் அது. ஈபர்ட் ஒரு பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பெண் சுயமாக எடுத்த முடிவை இல்லாமல் ஆக்கிவிட்டார். நல்ல மனசுக்காரர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது.

இருந்தாலும் அந்த விமர்சனத்தைத் தூக்கிப் போட முடியவில்லை. திரையில் தெரிகிற காட்சியை மட்டும் பார்க்காமல், அந்தக் காட்சியை எடுத்த அன்று அந்த இடத்தில் நின்ற ஆளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று 1986-ல் கேட்டவர்கள் குறைவு. இன்று ஹாலிவுட்டில் இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆள் வைக்கிறார்கள். லிஞ்சின் மேல் ஈபர்ட்டுக்கு வன்மமும் இல்லை. 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி', 'முல்ஹாலண்ட் டிரைவ்' இரண்டுக்கும் நாலு நாலு நட்சத்திரம். 'புளூ வெல்வெட்'டின் ஒன்று மட்டும் ஒன்றாகவே நின்றது.

இந்தக் குணம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1969 ஜனவரியில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பற்றி எழுதியபோது, படத்தை விடத் தியேட்டரைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். மேட்னி ஷோ. பேய்ப் படம் என்று பெற்றோர் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலில் கத்திக் கூச்சல் போட்டுச் சிரித்த பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஈபர்ட் அந்தப் படத்தின் தரத்தைக் குறை சொல்லவில்லை. அந்தச் சிறுமியை அங்கே உட்கார வைத்தவர்களைத்தான் சொன்னார். படம் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பேப்பரைப் பிரித்தவர்களுக்கு அந்த அழுகைதான் கிடைத்தது.

2002-ல் சன்டான்ஸ் விழாவில் நடந்தது இதற்கு நேர் எதிர் மாதிரி தெரியும். ஜஸ்டின் லின் எடுத்த 'பெட்டர் லக் டுமாரோ', நன்றாகப் படிக்கும் ஆசிய அமெரிக்கப் பையன்கள் குற்றத்தில் இறங்கும் கதை. படம் முடிந்ததும் பார்வையாளர் ஒருவர் எழுந்து, உங்கள் சமூகத்தைப் பற்றி இவ்வளவு வெறுமையான, நெறியில்லாத படத்தை எடுக்கலாமா என்று கேட்டார். ஈபர்ட் இருக்கையிலிருந்து எழுந்து கத்தினார். வெள்ளைக்கார இயக்குனரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா, இந்தக் கதாபாத்திரங்களுக்குத் தாங்கள் விரும்பியபடி இருக்க உரிமை இல்லையா என்று. 'புளூ வெல்வெட்'டில் நெறி பேசிய அதே ஆள்! முரண்பாடு என்று சொல்லலாம். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது ஆளைத்தான் என்றும் சொல்லலாம்.

ஆளைத் தேடுகிற இந்தப் பழக்கமே அவரை ஏமாற்றிய இடம் ஒன்று உண்டு. அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி'. 1997-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட ஈரானியப் படம். தற்கொலை செய்துகொள்ள நினைக்கும் ஒருவர், செத்த பிறகு தன் மேல் மண் அள்ளிப் போட ஒரு ஆளைத் தேடி டெஹ்ரானைச் சுற்றிய மலைப் பாதைகளில் காரில் அலைகிறார். ஈபர்ட் ஒரு நட்சத்திரம் கொடுத்தார். இந்த ஆள் யார், ஏன் சாக நினைக்கிறார் என்று எதுவுமே சொல்லாமல் அவர் மேல் எப்படி அக்கறை வரும் என்று கேட்டார். அதே சிகாகோவில், 'சிகாகோ ரீடர்' பத்திரிகையின் ஜொனதன் ரோசன்பாம் அதே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். மெதுவான படம் என்றால் ஈபர்ட்டுக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' அவருடைய பத்துப் படங்களில் ஒன்று. சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், ஒரு வங்காளக் கிராமத்தின் ஏழைக் குடும்பம் அவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று தெரியும். ஓசுவும் ராயும் ஆளைக் காட்டிவிட்டு மெதுவாகப் போகிறார்கள். கியாரோஸ்தமி ஆளை மறைத்துவைத்தார். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் ஈபர்ட் தொலைந்துபோனார். தொலைந்துபோனேன் என்று மழுப்பாமல் எழுதினார் என்பதும் உண்மை. விருது வாங்கிய படம், பெரியவர்கள் பாராட்டிய படம், நாமும் பாராட்டிவைப்போம் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

சிஸ்கெல் 1999-ல் மூளைக் கட்டியால் இறந்தார். 2002-ல் ஈபர்ட்டுக்குத் தைராய்டு புற்றுநோய். 2006-ல் தாடை எலும்பில் அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து ரத்தக் குழாய் வெடித்துப் பல மாதம் படுக்கை. கீழ்த்தாடை போனது. சாப்பாடு போனது. பேச்சும் போனது. 1975 முதல் டிவியில் பேசிப் பேசியே ஊருக்குத் தெரிந்த ஆள்.

அந்தச் சமயத்தில் ஒரு பூங்கொத்து வந்தது. அனுப்பியவர் ராப் ஷ்னைடர் என்ற காமெடி நடிகர். 2005-ல் இவருடைய 'டியூஸ் பிகலோ' இரண்டாம் பாகத்தை ஒரு பத்திரிகைக்காரர் கிண்டல் செய்ய, நீ என்ன புலிட்சர் வாங்கியவனா என்று ஷ்னைடர் அவரை மடக்கினார். ஈபர்ட் இடையில் புகுந்து, நான் புலிட்சர் வாங்கியவன், அந்தத் தகுதியில் சொல்கிறேன், உன் படம் மகா மட்டம் என்று எழுதினார். (பின்னாளில் மட்டமான படங்களைப் பற்றிய தன் புத்தகத்துக்கு அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்தார்.) பூங்கொத்தில், உங்களுக்குப் பிடிக்காத நடிகர் என்று கையெழுத்திட்டிருந்தாராம் ஷ்னைடர். அந்த ஆள் மோசமான படம் எடுத்திருக்கலாம், மோசமான ஆள் இல்லை என்று ஈபர்ட் எழுதினார். படத்தைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குரல் போன பிறகு அவர் முன்னைவிட அதிகமாக எழுதினார். 2012-ல் மட்டும் 306 விமர்சனங்கள். நட்சத்திரங்களில் தாராளம் கூடிவிட்டது என்று குறைப்பட்டவர்கள் உண்டு, அது ஓரளவு நிஜமும்கூட. சார்லி காஃப்மனின் 'சினெக்டகி, நியூயார்க்' என்ற, தலைசுற்ற வைக்கும் படத்தை அந்தப் பத்தாண்டின் சிறந்த படம் என்றார். 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' புரியவில்லை என்று கோபப்பட்டவர், இதை இரண்டாம் தடவை பார்க்க வேண்டும் என்று தெரிந்ததையே சந்தோஷமாகச் சொன்னார்.

2013 ஏப்ரல் 2-ம் தேதி, புற்றுநோய் திரும்பிவிட்டது, இனிமேல் தனக்குப் பிடித்த படங்களைப் பற்றி மட்டும் எழுதப்போவதாக வாசகர்களுக்கு அறிவித்தார். 4-ம் தேதி இறந்துபோனார். கடைசியாக எழுதிக் கொடுத்திருந்த விமர்சனம் 6-ம் தேதி வெளியானது. படம் டெரன்ஸ் மாலிக்கின் 'டு தி வொண்டர்'. கதாபாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே அபூர்வம். யார், எங்கிருந்து வந்தார்கள், ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று படம் ஒன்றும் சொல்வதில்லை. பாதி விமர்சகர்கள் பொறுமை இழந்தார்கள். ஒரு படம் எல்லாவற்றையும் ஏன் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஈபர்ட் கேட்டிருந்தார். மூன்றரை நட்சத்திரம்.